வலிக்காத சீட்டு

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாலும், தூணோரம் தூசி படிந்த கியர் சைக்கிள் இரண்டு மூன்றாவது சாய்ந்து நிற்கும். அவற்றில் பல, 2020 ஊரடங்கின்போது ஆசை ஆசையாய் வாங்கியவை. டயரில் காற்று இல்லை, செயினில் துரு. ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால் “எங்க சார் நேரம்?” என்பார்கள். கொஞ்சம் பழகிய பிறகு கேட்டால் வேறு பதில் வரும். “உட்கார முடியலைங்க. அரை மணி நேரத்துல பின்னாடி வலி எடுத்துடுது. முன்னாடி மரத்துப் போகுது. இதையெல்லாம் யார்கிட்ட போய்ச் சொல்றது?”

முட்டி வலித்தால் சொல்லிவிடலாம், முதுகு வலித்தாலும் சொல்லலாம். சைக்கிள் சீட்டால் வரும் வலியோ நாலு பேர் முன்னால் தொட்டுக்காட்ட முடியாத இடத்தில் வருகிறது. எனவே பலர் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை ஓரங்கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், சைக்கிள் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். தனக்கேற்ற சீட்டைக் கண்டுபிடிக்கவும் அதைச் சரியாகப் பொருத்தவும் தெளிவான வழிகள் உண்டு. அவற்றைச் சீக்கிரமாகக் கற்றுத்தரும் இடம் கடை அல்ல. ஞாயிறு விடியற்காலையில் நம் பகுதியில் கூடும் சைக்கிள் குழு. பல குழுக்களோடு ஓட்டிப் பார்த்து, பலரிடம் பேசிய பிறகு இதை உறுதியாகவே எழுதுகிறேன்.

மெத்தையில் இல்லை சுகம்

சீட்டு வலிக்கிறது என்றதும் எல்லோரும் முதலில் செய்யும் காரியம், ஜெல் கவர் வாங்கி மாட்டுவது. கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். மெத்தென்று உள்ளே போகும். திருப்தியாக வாங்கிவிடுவோம். வீட்டிலிருந்து காய்கறிக் கடை வரைக்கும் அது சுகமாகத்தான் இருக்கும். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் முன்பைவிட மோசமாக வலிக்கும்.

காரணம் நம் எலும்பில் இருக்கிறது. மரப் பெஞ்சு ஒன்றில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துப் பாருங்கள். இரு பக்கமும் கெட்டியான முனை ஒவ்வொன்று கையில் குத்தும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. உட்காரும்போது உடம்பின் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை. அவற்றுக்கு நடுவில் இருப்பது முழுக்க மென்மையான பகுதி. அந்தரங்க உறுப்புகளுக்கு உணர்ச்சி கொடுக்கும் பியூடென்டல் நரம்பும், கூடவே செல்லும் ரத்தக் குழாய்களும் அந்த வழியாகத்தான் போகின்றன. எடை எலும்பில் இறங்கினால் மணிக்கணக்கில் ஓட்டலாம். நடுவில் இறங்கினால் முதலில் மரத்துப்போகும், பிறகு வலிக்கும்.

மெத்தென்ற சீட்டில் எலும்பு முனைகள் இரண்டும் அமுங்கி உள்ளே போய்விடுகின்றன. அங்கே அமுங்கிய பஞ்சு, இடம் தேடி நடுவில் புடைத்துக்கொண்டு மேலே வருகிறது. எந்த இடத்தில் அழுத்தம் கூடாதோ சரியாக அந்த இடத்தில் அழுத்துகிறது. திண்ணையில் மணிக்கணக்காய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவர்கள் நாம். எந்தத் திண்ணைக்கும் மெத்தை போட்டதில்லை. சைக்கிள் சீட்டும் அப்படித்தான். ஓரளவு கெட்டியாக, எலும்பின் அகலத்துக்குப் பொருத்தமாக இருந்தால் போதும். முதல் சில நாள் எலும்பு முனைகளில் லேசாக வலிக்கும். அது பழகிவிடும். மரத்துப்போவது மட்டும் பழகவே கூடாத ஒன்று.

இதை அமெரிக்கப் போலீஸ்காரர்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே சைக்கிளில் ரோந்து போகும் காவலர்கள் உண்டு; வேலை நேரத்தில் பெரும்பகுதி சீட்டின் மேல்தான். மரத்துப்போகிறது என்று அவர்கள் சொன்னதை அந்நாட்டு அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கையில் எடுத்துக்கொண்டது. 90 காவலர்களுக்கு, முன்னால் நீளும் மூக்கே இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னார்கள். ஓட்டும்போது மரத்துப்போவதே இல்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம் பேர். ஆறு மாதம் கழித்து 82 சதவீதம். 2008இல் வெளியான ஆய்வு இது. எல்லோரும் மூக்கில்லாத சீட்டுக்கு மாற வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. வளைவில் திரும்பும்போது தொடையால் அணைத்துச் சைக்கிளை அடக்க அந்த மூக்கு உதவும். எடை எங்கே இறங்கக் கூடாது என்பதுதான் இந்த ஆய்வில் நமக்கான சேதி.

ஓர் அட்டைத் துண்டு போதும்

உங்கள் எலும்பு முனைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று வீட்டிலேயே அளந்துவிடலாம். பார்சலில் வரும் நெளி அட்டையில் ஒரு துண்டை வெட்டி, மாடிப்படியில் வையுங்கள். மெல்லிய துணி உடுத்தி அதன் மேல் உட்கார்ந்து, காலைச் சற்றுத் தூக்கி, உடம்பை லேசாக முன்னால் சாயுங்கள். ஒரு நிமிடம் கழித்து எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் தெரியும். தெரியாவிட்டால் விரலால் தடவினால் தட்டுப்படும். ஒரு குழியின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வரும். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடும் என்றாலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம். உடம்பு பெருத்தவர் என்பதால் எலும்பு அகலமாக இருக்கும் என்றில்லை. ஒல்லியானவருக்குக் குறுகியிருக்கும் என்றும் இல்லை. ஆளைப் பார்த்துச் சீட்டு எடுத்துக்கொடுக்கும் கடைக்காரரின் கணக்கு இங்கேதான் தவறுகிறது.

அந்த அளவோடு பொதுவாக இரண்டு சென்டிமீட்டர் கூட்டினால் சீட்டின் அகலம் கிடைக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நிமிர்ந்து உட்கார்ந்தால் முழு எடையும் பின்பக்கத்தில் இறங்கும். ரேஸ் சைக்கிளில் குனிந்து ஓட்டினால் இடுப்பு முன்னால் சுழலும். சீட்டில் படும் இடம் குறுகிவிடும். அதனால்தான் அந்தக் காலத்துப் பெரிய சைக்கிளில் அகலமான ஸ்பிரிங் சீட்டும், இன்றைய ரோடு பைக்கில் ஒல்லியான சீட்டும் இருக்கின்றன. இரண்டும் அதனதன் இடத்தில் சரி. ஒன்றைக் கழற்றி மற்றதில் மாட்டினால்தான் தொல்லை.

அந்தப் பெரிய சைக்கிளின் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு ஹெர்குலிஸ் வண்டிகள் வரத் தொடங்கியபோது, அவற்றின் அமைப்பெல்லாம் இங்கிலாந்து வழிதான். இங்கிலாந்தில் தோல் சீட்டுக்குப் பேர்போனது புரூக்ஸ். ஜான் போல்ட்பீ புரூக்ஸ் 1866இல் பர்மிங்காமில் தோல் பொருள் வியாபாரம் தொடங்கியவர். 1882இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் கண்ட முறையில் பஞ்சு கிடையாது, தளம் கிடையாது. கெட்டித் தோலை முன்னும் பின்னும் இரும்பில் இழுத்துக் கட்டிவிடுவார்கள். நாளாக ஆக, உட்காருபவரின் எலும்பு படும் இடத்தில் தோல் தானாகக் குழிந்து கொடுக்கும். அதே முறையில் செய்த பி17 என்ற சீட்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது. நெடுந்தூரம் போகிறவர்களில் அதைத் தவிர வேறெதிலும் உட்காராதவர்கள் உண்டு. நம் ஊர் மழையில் அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். தோல் நனைந்த நிலையில் உட்கார்ந்தால் தொய்ந்துவிடும். பிளாஸ்டிக் பை ஒன்று எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

கோவளம் டீக்கடையில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால், சென்னைக்குள் இத்தனை சைக்கிள்களா என்று ஆச்சரியமாக இருக்கும். திருவான்மியூர்ப் பக்கமிருந்து கிளம்பி, முட்டுக்காடு தாண்டி, கோவளத்தில் டீ குடித்துத் திரும்புபவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் மாமல்லபுரம் வரை போவார்கள். அந்த டீக்கடை நிறுத்தத்தில்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய பாடமெல்லாம் நடக்கிறது.

ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர் கையை உதறிக்கொண்டே நின்றார். அந்தக் குழுவில் எல்லோரும் ‘அங்கிள்’ என்று கூப்பிடும் மனிதர் ஒருவர் உண்டு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் அலன் கீ கொத்து.

“அங்கிள், ரெண்டு கையும் மரத்துப் போகுது. ஹேண்டில் பாரை மாத்திடவா?”

அவர் ஹேண்டில் பாரைப் பார்க்கவே இல்லை. சைக்கிளைச் சமதரையில் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். தன் செல்போனைச் சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்து, மட்டம் காட்டும் ஆப்பைத் திறந்தார். சீட்டின் நுனி நன்றாகக் கீழே சாய்ந்திருந்தது.

“யாரும்மா சாய்ச்சது?”

“நான்தான். முன்னாடி அழுத்துச்சு, அதான் இறக்கிவிட்டேன்.”

“நுனியை இறக்கினா நீ வழுக்கி வழுக்கி முன்னாடி வருவ. வராம இருக்கக் கையை ஊன்றிப் பின்னாடி தள்ளுவ. அந்த எடைதான் கையில நிக்குது. சரி, மொதல்ல அழுத்துச்சே, அது ஏன்னு பார்ப்போம். ஏறி உட்காரு.”

சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் ஏறினார். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழ்க்கோடி வரை இறக்கச் சொன்னார் அவர். அப்படி வைக்கும்போது கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. சரிந்தது. சீட்டு உயரம். உயரமான சீட்டில் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு வலமும் இடமும் ஆடும். ஆடுகிற ஆட்டத்தில் சீட்டின் நடுப்பகுதி உரசிக்கொண்டே இருக்கும். அவர் சீட் போஸ்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிப் பழைய உயரத்தைக் குறித்துவிட்டு, ஒரு விரற்கடை இறக்கி முடுக்கினார்.

“ஒரு ரவுண்டு போயிட்டு வா.”

“சாய்வையும் சேர்த்து மாத்திடுங்களேன் அங்கிள்.”

“ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?”

போய்விட்டு வந்தபின் சாய்வைச் சரிசெய்தார். கிட்டத்தட்ட சமமட்டம், நுனி மட்டும் ஒரு டிகிரி கீழே. மொத்தம் ஒரு டீ ஆறும் நேரம். புதிய சீட்டு வாங்கவில்லை, ஹேண்டில் பார் மாற்றவில்லை, ஒரு ரூபாய் செலவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு முன் அடையாளம் வைக்க வேண்டும் என்ற இரண்டும் பெரம்பூர்ப் பட்டறையில் பல்லாண்டு கற்ற ஒழுங்கு. காணொளிகள் ஆயிரம் பார்த்தாலும், நம் இடுப்பு ஆடுகிறதா என்பதைப் பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல இன்னொரு மனிதர் வேண்டும்.

சீட்டையே மாற்ற வேண்டிய நிலை வந்தாலும் குழுதான் கை கொடுக்கிறது. நல்ல சீட்டு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும்; மாட்டி ஓட்டியதைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். ஆனால் பல ஆண்டு ஓட்டுகிற எவர் வீட்டிலும் பரணில் பழைய சீட்டு ஒன்றிரண்டு கிடக்கும். தனக்குப் பொருந்தாமல் கழற்றிப் போட்டவை. குழுவில் கேட்டால் போதும், அடுத்த ஞாயிறு யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பொருந்தாவிட்டால் அடுத்தவருக்குக் கைமாற்றலாம். இருபது நிமிட ஓட்டத்தில் எந்தச் சீட்டின் குணமும் தெரியாது. கைமாறி வந்த சீட்டில் மாமல்லபுரம் வரை போய் வந்து முடிவு செய்யலாம்.

பெண்கள் பேசினால்

1890களில் மேலைநாட்டுப் பெண்கள் சைக்கிளில் ஏறியபோது, சீட்டைப் பற்றி மருத்துவர்கள் பெரிதாகக் கவலைப்பட்டார்கள். கவலையில் பாதி உடல்நலம் பற்றியது. மீதிப் பாதி பெண்களின் ஒழுக்கம் பற்றியது. நடுவில் பள்ளம் வெட்டிய, மூக்கைக் குறைத்த ‘சுகாதாரச் சீட்டுகள்’ அப்போதே விளம்பரத்தோடு விற்பனைக்கு வந்தன. இன்று புதுமை என்று விற்கப்படும் பள்ளம் வைத்த சீட்டுக்கு வயது நூற்றிருபதுக்கும் மேல். பிறகு நெடுங்காலம் ஆண்களின் அளவே எல்லோருக்கும் அளவு என்றாகிவிட்டது. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி 1985இல் பெண்களுக்கென்றே சைக்கிள் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1990களில் அவருடைய நிறுவனம் கொண்டுவந்த நடுப்பள்ளச் சீட்டு பெண்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதைப் பார்த்த பிறகே மற்றவர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

நம் கடைகளில் சீட்டு விற்பவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். வீக்கம், உரசல், எரிச்சல் என்று ஒரு பெண் அங்கே போய் எப்படிச் சொல்வார்? பெண்கள் மட்டும் சேர்ந்து ஓட்டும் நாட்களில் இந்தத் தயக்கம் காணாமல் போவதை நேரில் பார்க்கலாம். “அக்கா, எனக்கு மட்டும்தான் இப்படியா?” என்று ஒருவர் தொடங்கினால் போதும். எந்தச் சீட்டு, எந்த அகலம், மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது, சுடிதாரின் தையல் எங்கே உறுத்தும் என்று எல்லாம் வெளியே வரும்.

தமிழ்நாட்டில் பெண்கள் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவதன் பலம் புதுக்கோட்டை ஏற்கெனவே காட்டியதுதான். 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து சைக்கிள் பயிற்சி பரவியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழிசெய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளை வாங்கினார்கள். குறுக்குப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் இருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் கிராம செவிலியர்களும் சேர்ந்து கற்றார்கள். சேர்ந்து கற்றதால் கேலி பேசியவர்களைத் தாண்டிப் போக முடிந்தது.

வியர்வை ஊரில்

சென்னையின் புழுக்கத்தில் சீட்டு பாதி, உடுப்பு மீதி. வியர்வையின் உப்பு காய்ந்து தோலை உரசும். ரோமக்கால்களில் கிருமி சேர்ந்து கட்டி கிளம்பும். நீண்ட தூரம் போகிறவர்கள் பேட் வைத்த ஷார்ட்ஸ் அணிவது இதற்காகத்தான். அதை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும், ஒவ்வொரு முறையும் துவைத்துக் காயவைக்க வேண்டும். பலரும் உள்ளாடையோடு அணிந்து, அதன் தையலாலேயே புண் வாங்கிக்கொள்கிறார்கள். உரசும் இடத்தில் வாசலின் தடவலாம். வீடு வந்ததும் முதல் வேலை குளியல். ஓட்டும்போது கால் மணிக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று சில விநாடி ஓட்டினால் ரத்த ஓட்டம் சீராகும். இவ்வளவு செய்தும் மரத்துப்போவது நிற்காவிட்டால் கூச்சப்படாமல் மருத்துவரைப் பாருங்கள்.

யாரோடு ஓட்டுவது?

சென்னையில் ‘வி ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்’ பகுதிவாரியாகக் கிளைகள் வைத்திருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே துணை கிடைக்கும். ‘சைக்கிளிங் யோகிஸ்’ குழுவினர் பழைய கோயில், தேவாலயம், ஏரி, நினைவுச்சின்னம் என்று வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள். வேகம் முக்கியமில்லை என்பதால் புதியவர்களுக்கு அது நல்ல தொடக்கம். தூரத்தில் ஆசை உள்ளவர்களுக்கு ‘பிரெவே’ எனப்படும் நெடுந்தூர ஓட்டங்கள் இருக்கின்றன: 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 600ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். போட்டி கிடையாது, முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் ஒன்றே. அதன் உச்சம் பிரான்சில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், சுமார் 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அங்கே காலின் பலத்தைவிடச் சீட்டின் பொருத்தம்தான் பலரைக் கரை சேர்க்கிறது.

நல்ல குழுவை அறிய ஒரு வழி, கடைசியில் யார் வருகிறார் என்று பார்ப்பது. பக்குவமான குழுவில் அனுபவசாலி ஒருவர் வேண்டுமென்றே கடைசியில் வருவார். பஞ்சரானவரையும் மூச்சு வாங்குபவரையும் விட்டுவிட்டுப் போக மாட்டார். வேகக் கணக்கை மட்டும் பேசும் குழுவை நான் புதியவர்களுக்குச் சொல்ல மாட்டேன். அங்கே வலியைச் சொன்னால் “போகப் போகச் சரியாயிடும்” என்பதுதான் பதிலாக வரும்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் குழுக்கள் ஞாயிறு காலை கோவளம் போகும் அதே சாலையில், கொத்தனாரும் பூ வியாபாரியும் வாட்ச்மேனும் தினமும் சைக்கிளில் போகிறார்கள். ரெக்சின் கிழிந்து, ஸ்பிரிங் உடைந்து, பழைய துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டிய சீட்டில் உட்கார்ந்து போகிறார்கள். பத்தாயிரம் ரூபாய் சீட்டைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசும் நாம், டீக்கடையில் பக்கத்தில் நிற்கும் அவருடைய சீட்டை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஊரின் சைக்கிள் குழு என்று பெயர் வைத்துக்கொண்டால் அவரும் அந்த ஊர்தான்.

தொடங்குவதற்கு ஓர் இடமும் கண்முன்னே இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளாக விலையில்லா சைக்கிள் வழங்கப்படுகிறது. குட்டையான பெண்ணுக்கும் நெட்டையான பெண்ணுக்கும் ஒரே உயரத்தில் சீட்டு. பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல் ஓட்டுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த வண்டியில் சீட்டின் உயரத்துக்கு ஒரு நட்டு, சாய்வுக்கு ஒரு நட்டு. குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்த்து இரண்டையும் சரிசெய்ய, ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். சைக்கிள் வழங்கும் நாளில் பக்கத்துக் குழுவிலிருந்து நாலு பேர் ஸ்பேனரோடு பள்ளிக்குப் போகலாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டால் ஆயிற்று. பெண் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் குழுவின் பெண்கள் போவது நல்லது. போகும்போது எண்ணெய்க் குப்பியையும் காற்றடிக்கும் பம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கும் அங்கே வேலை இருக்கும்.